நீங்கள் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?: திண்டுக்கல் சீமைக்கான கையேடு

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் சனி, ஞாயிறுகளில் காசு கட்டி ஒரு பயிற்சிக்குப் போய்வருகிறார்கள். ஏசி அறையில் பாய் விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ‘நான் யார்?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். கேட்டும் பதில் வராதவர்களுக்கு அடுத்த கட்டப் பயிற்சி இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம்.

திண்டுக்கல்காரர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் சின்னாளபட்டி டவுன் பஸ் ஏறுங்கள். மடியில் கூடையும் வாயில் வெற்றிலையுமாக இருக்கும் ஓர் அப்பத்தாவுக்குப் பக்கத்து இடமாகப் பார்த்து உட்காருங்கள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நீங்கள் யார் என்பது தீர்மானமாகிவிடும். பெண்ணாக இருந்தால் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசும் கிடையாது.

முன்னேற்பாடு

ஏறுமுன் சில விஷயங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: அப்பா பெயர், தாத்தாவின் பட்டப்பெயர், சொந்த ஊர், அம்மா பிறந்த ஊர், குலசாமி இருக்கும் இடம். ஆதார் அட்டையை வீட்டிலேயே வைத்துவிடலாம். அதில் அச்சடித்திருக்கும் எதையும் அப்பத்தா கேட்கப் போவதில்லை.

“தம்பிக்கு எந்தூரு?”

“திண்டுக்கல்தான் அப்பத்தா.”

“திண்டுக்கல்லுன்னா எங்கிட்டு?”

“ஆர்.எம். காலனி.”

“அது குடியிருக்கிறது. சொந்த ஊரு?”

காலனிப் பெயர்களில் சத்து கிடையாது என்பது அவருக்குத் தெரியும். நாகல் நகர் என்று சொல்லியிருந்தால் சௌராஷ்டிர வீடாக இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார். பேகம்பூர் என்றால் வேறு கணக்கு. காலனியில் எல்லாரும் கலந்து கிடக்கிறார்கள். நகரத் திட்டமிடல் என்று நாம் பெருமையாகச் சொல்வது அப்பத்தாவின் பார்வையில் தகவல் இழப்பு. ஆகவே அவர் தோண்டுவார்.

“வேடசந்தூர் பக்கம்.”

“வேடசந்தூர்ல யாரு மகன்?”

அப்பா பெயரைச் சொல்வீர்கள். அது அவருக்குப் பிடிபடாது. தாத்தாவின் பட்டப்பெயரைச் சொல்வீர்கள். லேசாகப் பிடிபடும். அப்புறம்தான் அந்தக் கேள்வி வரும்: “குலசாமி எங்க இருக்கு?” சிவராத்திரிக்கு எந்த ஊர்க் காட்டுக் கோயிலில் போய் நிற்பீர்கள் என்பது தெரிந்துவிட்டால் மீதியை அவரே கூட்டிக்கொள்வார். “என்ன ஆளுக?” என்று நேராகக் கேட்பது டீக்கடை ஆண்களின் பழக்கம். அப்பத்தாக்கள் சாமியைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். வழிதான் வேறு, போய்ச் சேருகிற இடம் ஒன்றே.

ஒரு எச்சரிக்கை. ‘மனுச சாதிதான்’ என்றோ ‘அதெல்லாம் பாக்குறதில்ல’ என்றோ பதில் சொல்லிவிடாதீர்கள். சொல்லக் கூச்சப்படுகிற ஆள் போல என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, கூடையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். இங்கே மௌனத்துக்கும் சாதிச் சான்றிதழ் உண்டு.

இத்தனை கேள்விகள் ஏன் தேவைப்படுகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? வடக்கே குடும்பப் பெயரைக் கேட்டாலே வேலை முடிந்துவிடும். நம்மிடம் அது கிடையாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. மெல்ல மெல்லத் தமிழ்நாடு அதைக் கேட்டது. பெயர்ப்பலகையிலிருந்து வால் போய் முன்னால் ஒற்றை எழுத்து மிஞ்சியது. வெட்டிய வாலை ஒட்டிப் பார்க்கிற வேலையைத்தான் டவுன் பஸ்ஸில் அப்பத்தா செய்துகொண்டிருக்கிறார். அந்தத் தீர்மானம் தோற்றுவிட்டது என்று இதைக் காட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய சங்கதியை ஆறு கேள்விகளுக்கு இழுத்தடித்திருக்கிறதே, அதுவும் ஒரு சாதனைதான். நடுவில் உங்கள் ஸ்டாப் வந்தால் இறங்கிவிடலாம்.

பெயர் வைத்துக்கொள்வது

இதில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. மூத்த பையன் என்றால் அப்பாவழித் தாத்தா பெயர் காத்திருக்கும். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் பெற்றவளே பிள்ளையை அந்தப் பெயரால் கூப்பிட மாட்டாள். ‘தம்பி’, ‘பெரியவன்’, ‘ராசா’ என்று ஏதாவது ஒன்று நிலைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவை வாசிக்கும்போதுதான், ‘பழனிச்சாமி’ என்று தான் இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியவந்தது. இப்போது தாத்தா பெயர்கள் குறைந்து எண் கணிதப் பெயர்கள் வந்துவிட்டன. பிள்ளையை யாரும் இன்னும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. காரணம் மட்டும் மாறியிருக்கிறது, வாயில் நுழையவில்லை.

அடையாளச் சிக்கல் என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த எரிக் எரிக்சன் என்ற உளவியலாளரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1902-ல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியாது. வளர்ப்புத் தந்தை ஹோம்பர்கர் யூதர். யூதக் கோயிலில் இவருடைய வெளுத்த தலைமுடியைப் பார்த்துக் கேலி செய்தார்கள், பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி செய்தார்கள். அமெரிக்காவுக்குப் போய் 1939 வாக்கில் குடியுரிமை வாங்கியபோது எரிக்சன் என்று, அதாவது எரிக்கின் மகன் என்று, பெயரை மாற்றிக்கொண்டார். தனக்குத் தானே இனிஷியல். இந்த மனிதர் மட்டும் சின்னாளபட்டி பஸ்ஸில் ஏறியிருந்து, “யாரு மகன்?” என்ற கேள்விக்கு “எம் மகன்தான்” என்று சொல்லியிருந்தால், அப்பத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “சரி, குலசாமி எங்க?” என்றுதான் கேட்டிருப்பார்.

பெண்களுக்குத் தனிக் கையேடு வேண்டும். இடமில்லாததால் ஒரு பத்தி. நத்தத்தில் பிறந்து ஒட்டன்சத்திரத்துக்கு வாக்கப்பட்டுப் போனவளை அங்கே ‘நத்தத்துக்காரி’ என்பார்கள். முப்பது வருடம் அந்த வீட்டு அடுப்பில் வெந்தாலும் நத்தத்துக்காரிதான். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ பிறந்த வீட்டுக்கு வந்தால், தெருவில் “ஒட்டன்சத்திரத்துக்காரி வந்திருக்கா” என்பார்கள். இரண்டு ஊரிலும் அவள் அடுத்த ஊர்க்காரி. அவள் உழைத்துச் சேர்த்த காசில் வைக்கிற மொய்யும் வீட்டுக்காரர் பெயரில் ஏறும். அடையாளம் என்ற தலைப்பில் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் ஒரு முறை நத்தத்துக்காரியைப் பேசக் கூப்பிடலாம். அவளுக்கு எந்தப் பெயரில் அழைப்பிதழ் அடிப்பது என்பதே முதல் அமர்வு.

குணம் வாங்குவது

குணம் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் அது வகையறாவின் பொதுச் சொத்து. முன்கோபக்கார வகையறா, கஞ்சப் பிசினாரி வகையறா, கோர்ட்டுக்கு அலைகிற வகையறா, பந்தியில் சண்டை போட்டு எழுந்து போகிற வகையறா என்று ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கிறார்கள். பிறந்து ஒரு வருடத்தில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டையடித்துக் காது குத்தும்போது நீங்கள் கத்துகிற கத்தலை வைத்து ஒதுக்கீடு நடக்கும். “அப்படியே அவுக தாத்தன்டா!” என்று ஒரு கிழவர் சொல்லிவிட்டால் போதும். பிறகு எட்டாம் வகுப்பில் பக்கத்துப் பையனை அடித்தாலும், நாற்பது வயதில் மேனேஜரிடம் கோபித்துக்கொண்டு வேலையை விட்டாலும், செய்தது தாத்தன்தான்.

இதில் ஒரு வசதி இருக்கிறது, கவனித்துப் பயன்படுத்துங்கள். கோபப்பட்டால் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை; “எங்க ரத்தம் அப்படி” என்றால் எதிராளியும் தலையாட்டுவார். முன்கோப வகையறாவில் சாதுவாகப் பிறந்துவிட்டீர்கள் என்றால் மட்டும் கொஞ்சம் குழப்பம். அப்போது அம்மாவழியை இழுப்பார்கள்: “இவன் மாமன் வீட்டப் போல.” அம்மாவழியிலும் சாதுக்கள் இல்லையென்றால், பையனுக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று குலசாமியிடம் கூட்டிப்போவார்கள். பொறுமையை நானாகப் பழகிக்கொண்டேன் என்று நீங்கள் சொல்லலாம். யாரும் நம்பப் போவதில்லை.

தொழிலும் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். ‘தோல் ஷாப்புக்காரர் மகன்’, ‘சுருட்டுக் கம்பெனி கணக்குப்பிள்ளை பேரன்’, ‘பூட்டுக்காரர் வீடு’. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுச் சுற்றிக் கடல் கடந்து அனுப்பிய காலம் மலையேறிவிட்டது. பேரன்கள் மட்டும் பேரன்களாகவே இருக்கிறார்கள். நாகல்நாயக்கன்பட்டிப் பக்கம் வாசலில் உட்கார்ந்து அரம் வைத்துச் சாவிக்குப் பல் ராவிய கைகள் குறைந்துகொண்டே வந்தன. அலிகாரிலிருந்து மிஷின் பூட்டு மலிவாக வந்து இறங்கியது. அதன் விலைக்குக் கையால் செய்த மாங்காய்ப் பூட்டால் ஈடு கொடுக்க முடியவில்லை. பிள்ளைகள் நூல் மில்லுக்கும் திருப்பூருக்கும் போனார்கள். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். தொழில் போகிற நேரத்தில் சான்றிதழ் வருவது நம் நாட்டு வழக்கம். இன்றைக்கு ஊர்க்காரர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் தொங்குவது வேறு ஊர்ப் பூட்டு. வெளியூர்க்காரர் கேட்டால் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, “பூட்டுக்குப் பேர் போன ஊரு” என்று சொல்லத் தவறாதீர்கள்.

பெயரை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்ற நினைப்பு இன்னும் மிச்சம் இருக்கிறவர்களுக்கு ஒரு பிரியாணிக் கடைக் கதை. 1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் ஊரில் ஒரு கடை திறந்தார். ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் என்று மங்களகரமாகப் பெயரும் வைத்தார். வந்து சாப்பிட்டவர்கள் பார்த்தது அவர் தலையில் கட்டியிருந்த தலப்பாவை. ‘தலப்பாக்கட்டிக் கடை’ என்றார்கள். ஆனந்த விலாஸ் பலகையில் இருந்தது, தலப்பாக்கட்டி ஊர் வாயில் இருந்தது. எது நின்றது என்று உங்களுக்கே தெரியும். பிற்பாடு அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. ஆகவே உங்களுக்கு என்ன பெயர் வேண்டும் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல், தலையில் என்ன கட்டுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள்.

மாவட்டமே இதில் பட்டுத் தேறியிருக்கிறது. 1985 செப்டம்பர் 15-ல் மதுரையிலிருந்து தனிக்குடித்தனம் வந்த திண்டுக்கல் மாவட்டத்துக்கு அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று ஆட்சிக்கு ஆட்சி பெயர் சூட்டினார்கள். லெட்டர்பேடு அடித்த அச்சகத்துக்காரர்களுக்கு நல்ல காலம். 1997-ல் தலைவர்கள் பெயரையெல்லாம் மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது பழைய திண்டுக்கல்லே மிஞ்சியது. பஸ் கண்டக்டர்கள் நடுவில் ஒரு நாளும் வேறு பெயரைக் கூவவில்லை.

‘பூர்வகுடி’ ஆவது

பட்டிமன்றத்திலோ தேர்தல் மேடையிலோ ‘இந்த மண்ணின் மைந்தன்’ என்று சொல்லும் முன் வீட்டுக்குள் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு தடவை கவனித்துக்கொள்ளுங்கள். இந்தச் சமவெளியில் தெலுங்கு பேசும் வீடு உண்டு, கன்னடம் பேசும் வீடு உண்டு, சௌராஷ்டிரம், உருது பேசும் வீடுகளும் உண்டு. வாசல்படி தாண்டினால் எல்லாரும் ஒரே திண்டுக்கல் தமிழ்தான்: எங்கிட்டு, அங்கிட்டு, வெஞ்சனம். மலைக்கோட்டையில் நாயக்கர் கட்டியது எது, பின்னால் வந்தவர் கட்டியது எது என்று பிரிப்பதே ஒரு வேலை. 1755-ல் மைசூர்க்காரர்கள் ஐதர் அலியை இங்கே பௌஜ்தாராக அனுப்பினார்கள். அவர் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கிற இடம்தான் பேகம்பூர். நானூறு வருடத்துக்கு முன் வந்தவர், இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் வந்தவரை ‘வந்தேறி’ என்பார். இருவரும் சேர்ந்து பீகாரிலிருந்து மில் வேலைக்குப் போன மாதம் வந்தவனை அப்படிச் சொல்வார்கள். சொல்லும்போது மூவரும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள்.

கட்சி அடையாளத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். அது வீட்டுப் பத்திரத்தோடு வரும். 1973 மே மாதத் திண்டுக்கல் இடைத்தேர்தலில், பிறந்து ஏழே மாதமான அ.தி.மு.க. சார்பில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். அன்றைக்குத் தாத்தா எந்தப் பக்கம் நின்றாரோ, பேரன் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கம் நின்று சண்டை போடுகிறான்.

வெளியேறுவது எப்படி?

முடியும். செய்து காட்டியவர் நம் பக்கத்திலேயே இருந்தார். டி.எஸ். சௌந்தரம், 1904-ல் பிறந்தவர், டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறு வயதிலேயே கல்யாணம், இருபதை ஒட்டிய வயதில் கைம்மை. அந்தக் காலத்து ஆச்சாரமான வீட்டில் அதற்கென்று எழுதிவைத்த அடையாளம் ஒன்று உண்டு. அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து டாக்டரானார். காந்தியிடம் இருந்த ஜி. ராமச்சந்திரனை, சாதி வேறு, மொழி வேறான மலையாளியை, மணக்க நினைத்தார். வீட்டில் கடும் எதிர்ப்பு. ஒரு வருடம் இருவரும் பார்க்காமல், பேசாமல் இருந்து பாருங்கள் என்றார் காந்தி. இருந்து பார்த்தார்கள், 1940-ல் கல்யாணம் நடந்தது. 1947-ல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருவரும் தொடங்கியதுதான் காந்திகிராமம். ஆத்தூரிலும் வேடசந்தூரிலும் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1962-ல் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியிலிருந்து டெல்லிக்குப் போய்த் துணை அமைச்சரும் ஆனார்.

கையேடு எழுதுகிறவன் என்ற முறையில் இந்த முறையைப் பரிந்துரைக்க எனக்கு ஆசைதான். தேவையான பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் தயக்கம் வருகிறது: பஸ் கம்பெனி வைத்திருக்கும் அப்பா, டெல்லிப் படிப்பு, கல்யாணத்துக்கு நாள் குறித்துக் கொடுக்க மகாத்மா. இவ்வளவும் இருந்தும் அந்த அம்மாவுக்கு லேசாக நடந்துவிடவில்லை.

இவை எதுவும் இல்லாதவன் கதை வேறு. அவன் திண்டுக்கல்லில் படித்து நர்சிங்கோ டிப்ளமோவோ முடித்து, பைக் வாங்கி, கிராமத்து டீக்கடையில் போய் நிற்கிறான். அங்கே எந்தக் கேள்வியும் எழாது. அவன் யாரென்று டீக்காரருக்குத் தெரியும். எந்த டம்ளர் என்பதும் தெரியும். ரெட்டைக் குவளை சட்டப்படி குற்றம் என்றானதும் பேப்பர் கப் வந்தது. பேப்பர் கப் எல்லாருக்கும் என்கிறார்கள், ஆனால் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் கையில் கண்ணாடி டம்ளர் இருக்கிறது. அப்பத்தாவின் கேள்விகளை இதுவரை நான் தமாஷாக எழுதிவந்தேன். கேள்விக்குப் பதில் சொன்னதும் “அட, நம்ம சம்பந்தி ஊரு!” என்று கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அது தமாஷ். பதில் சொன்னதும் கூடை நகர்வதைப் பார்த்தவன் அடுத்த முறை ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் இயர்போனைச் சொருகிக்கொள்வான். கையேட்டின் முதல் பாகம் அவனுக்குப் பயன்படாது. பிள்ளைகள் அதைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள்: எந்த நிறக் கயிறு யார் கையில் என்று பத்தாவது படிக்கிறவனுக்குத் தெரிகிறது. பள்ளிகளில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி நீதியரசர் சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்தபோது, “கயிறு சாமி விஷயம்” என்று குதித்தவர்கள் எல்லாரும் கயிற்றின் நிறத்தை நன்றாக அறிந்தவர்கள்.

செயல்முறைத் தேர்வு

இதுவரை படித்ததைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு காதுகுத்துக்குப் போய்வாருங்கள். மண்டப வாசலில் மொய் எழுதுவார்கள். நோட்டுப் புத்தகம் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஐந்நூறை நீட்டி, வேண்டுமென்றே, உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

“செந்தில்குமார்.”

“எந்தச் செந்தில்குமார்ண்ணே? ஒம்பது பேரு இருக்காக.”

“சாஃப்ட்வேர் இன்ஜினியர்.”

“அதுல நாலு பேரு.”

“பெங்களூரு.”

“ரெண்டு. சட்டுனு சொல்லுங்கண்ணே, பின்னாடி ஆளு நிக்கிது.”

கண்ணை மூடி யோசிக்கலாம், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இழுத்து விடலாம். அதற்குள் பின்னாலிருந்து ஒரு மாமா, வாயில் பீடாவோடு குரல் கொடுப்பார்: “அட, நம்ம முட்டக்கண்ணு பேரன்தாம்ப்பா. போடு.”

பையன் தட்டச்சு செய்வான். ரசீது வரும்: முட்டக்கண்ணு பேரன், வேடசந்தூர், ரூ.500. தொலைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அது ஆயிரமாகத் திரும்பி வர வேண்டும். அப்போது செந்தில்குமார் என்ற பெயரில் தேடினால் கிடைக்காது.